வண்டி விற்பனைக்கில்லை

ஒரு மனிதனின் தயக்கம் மாதத்துக்கு எழுநூற்று நாற்பது ரூபாய். வரி தனி.

இந்த விலையைக் கேட்டுத் தனசெல்வி சிரித்தது 2043 கார்த்திகையில், விருதுநகர் தெப்பக்குளத்துக்கு எதிரே ஆஃப்ரின் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில். மண்டிக்கு வத்தல் வரத்து ஓய்ந்திருந்த நேரம். வேலையில்லாத நாளில் வியாபாரிக்குச் செலவு செய்யத் தோன்றும். அதனாலேயே கெட்டிக்கார வியாபாரிகள் வேலையில்லாத நாள் என்ற ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. தனசெல்வி அன்றைக்குத் தவறிப்போய் வைத்துக்கொண்டாள்.

செலவு அவளுக்கில்லை, வீட்டுக்காரர் அருஞ்சுனைக்கு. ஐம்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் சொந்த லாரி ஓட்டியவர். இப்போது மனைவி நடத்தும் ‘தனசெல்வி டிரேடர்ஸ்’ மிளகாய் வத்தல் மண்டியில் எடை பார்க்கிறார். போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டு மாடியில் ஒரு விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டார். அதில் ‘நேஷனல் பெர்மிட்’ என்று ஒரு லாரி விளையாட்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தவர், தூத்துக்குடியில் உப்பு ஏற்றி நாக்பூரில் இறக்கிவிட்டுத்தான் எழுந்தார். அதற்குள் கீழே தாலி கட்டி, மூன்று பந்தி முடிந்து, குடும்பப் போட்டோவில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் சமையல்காரர் நின்றிருந்தார்.

இன்னொரு கல்யாணத்தில் இந்த மானக்கேடு வேண்டாம் என்றுதான் வீட்டிலேயே ஒன்றை வாங்கிப் போடுவதாகத் தனசெல்வி ஊருக்குச் சொன்னாள். மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் முகம் எப்படி மலர்ந்திருந்தது என்பதை ஊருக்குச் சொல்லவில்லை.

“அக்கா, ஸ்டீயரிங் ரெண்டு மாடல் இருக்கு. அண்ணன் பாத்துச் சொல்லட்டும்,” என்றாள் ஆஃப்ரின்.

அண்ணன் பார்த்தார். இதை எடுத்தார், அதை வைத்தார். அதை எடுத்தார், இதை வைக்க மனமில்லாமல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். தயங்குவதில் அருஞ்சுனைக்கு ஜில்லாவிலேயே ஜோடி கிடையாது. ஓட்டலில் புரோட்டாவா தோசையா என்று அவர் முடிவுக்கு வருவதற்குள் மாவு தீர்ந்துவிடும். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், “இருக்கு... இருக்கும்னுதான் நெனக்கிறேன்... நீ கொஞ்சம் ஊத்திப் பாரேன்,” என்பார்.

தனசெல்வி நேரெதிர். அவள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவார். துண்டுக்கு மேலே முகம் கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கும். மனதில் வைத்திருக்கும் கடைசி விலையை அவர் கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. செத்தபோது நாலைந்து கடைசி விலைகளைக் கையோடு கொண்டுபோனார்.

“இந்தக் கறுப்பு ஸ்டீயரிங்கயே எடுத்துக்குறோம். நானூறு கொறச்சுக்கோ,” என்றாள் தனசெல்வி.

“கம்பெனி ரேட்டுக்கா.”

“கம்பெனியா இங்க வந்து உக்காந்திருக்கு? நீதான உக்காந்திருக்க.”

“சரி, இருநூறு.”

“முன்னூறு. மிதிக்கிற பெடல்ல தூசி வேற. யாரோ பாத்துட்டு வேணாம்னு போன சாமான் இது.”

ஆஃப்ரின் முன்னூறுக்கு வந்தாள். இரண்டு பேர் முகத்திலும் திருப்தி. ஆஃப்ரின் ஐந்நூறு ஏற்றிச் சொல்லியிருந்தது தனசெல்விக்குத் தெரியும். தெரியும் என்பது ஆஃப்ரினுக்கும் தெரியும்.

“எந்த ஓஎஸ் போடட்டும்கா?”

“எது சும்மா வருதோ அது.”

இயங்குதளங்களுக்கு ஆங்கிலத்தில் வாய் நிறையப் பெயர்கள் உண்டு. விருதுநகர் பஜாரில் யாருக்கும் அவை தேவைப்படவில்லை. விலையை வைத்தே பெயர் வைத்துவிட்டார்கள். மாதாமாதம் பணம் கட்டுவது ‘வாடகை’. பணமே கட்ட வேண்டாத கம்பெனிச் சரக்கு ‘ஓசி’. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து கெட்டிக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பது ‘கூட்டு’.

“கூட்டுல காசும் கேக்கமாட்டாங்க, வேற எதையும் எடுக்கவும் மாட்டாங்க. ஆனா அண்ணன் கேக்குற லாரி கேம் அதுல லேசுல ஓடாது. ஒரு வாரம் உக்காந்து நோண்டுனா ஓட வைக்கலாம்.”

அருஞ்சுனையின் முகம் இறங்கியது. தனசெல்வி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். “அது வேணாம்.”

“அப்ப வாடகை. மாசம் எழுநூத்தி நாப்பது, வரி தனி. கேம் சல்லுன்னு ஓடும்.”

“ஐநூறு.”

“அக்கா, அது உலகம் பூரா ஒரே ரேட்டு. என்கிட்ட பேசிப் புண்ணியமில்ல.”

பேரம் பேச முடியாத பொருளை வாங்குவது தனசெல்விக்கு விருந்து வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது மாதிரி. “ஓசில அந்த லாரி ஓடுமா, ஓடாதா?”

“நல்லாவே ஓடும். ஆனா ஓசிக்காரன் தயக்கத்த எடுத்துக்குவான்.”

“என்னத்த?”

“தயக்கம்கா. வெளையாடும்போது நிமிசத்துக்கு ஒரு முடிவு எடுக்கணும்ல? இந்த ரோடா அந்த ரோடா, டீசல் இங்கயே போடுறதா அடுத்த பங்க்லயா? எத்தன நொடி யோசிக்கிறீங்க, கண்ணு எங்க போகுது, கை எங்க நிக்குது, கடைசில என்ன பண்றீங்க, எல்லாத்தையும் எழுதிக்குவான். கொஞ்ச மாசத்துல ஆளு எப்ப எறங்கி வருவாரு, எப்ப உதறிட்டு எந்திரிச்சுப் போவாருன்னு அவனுக்கு அத்துபடி ஆயிரும். அத விப்பான்.”

“யாருக்கு?”

“வேணுங்கிறவங்களுக்கு. நம்மகிட்ட பொருள் விக்கிறவங்க, நம்மகிட்ட வாங்குறவங்க.”

“அப்ப இந்த எழுநூத்தி நாப்பது?”

“அதுதான் அதுக்கு அவங்க போட்டிருக்கிற வெல. காசாக் குடுங்க, இல்ல தயக்கமாக் குடுங்க.”

அப்போதுதான் தனசெல்வி சிரித்தாள். “இந்த மனுசனோட தயக்கத்தக் காசு குடுத்து வாங்குற ஏமாளி எவன்டி? எங்க வீட்ல மூட்ட மூட்டையாக் கெடக்கு. லாரி கொண்டாந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு!”

அருஞ்சுனையும் சிரித்தார். தன்னைப் பற்றிய கேலிக்கு அவர்தான் முதலில் சிரிப்பார். அதற்கு மட்டும் யோசிக்கமாட்டார்.

“பில் யார் பேர்ல?”

“என் பேர்லதான். மண்டி ஜிஎஸ்டி நம்பரப் போட்டுரு. வரி திரும்ப வரும்ல.”

“கேம் கம்ப்யூட்டருக்கா?”

“கம்ப்யூட்டருன்னு எழுது. கேமுன்னு யாரு எழுதச் சொன்னா?”

மாமனார் தன் பெயரில் தொடங்கிய கடை நொடித்ததிலிருந்து, அந்த வீட்டில் பல் குத்தும் குச்சி வாங்கினாலும் மருமகள் பேரில்தான். அவள் கைராசி அப்படி என்று நம்பிக்கை. அருஞ்சுனை ஓட்டிய லாரிகூட அவள் பேரில்தான் இருந்தது. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் ‘தனம்’ என்று எழுதியிருக்கும்.

“அக்கா, ஓசில ஒரு விசயம், பில் யார் பேர்ல இருக்கோ அவங்க...” என்று ஆஃப்ரின் தொடங்கினாள். தனசெல்வி காதில் வாங்கவில்லை. மௌஸுக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பை இனாமாகத் தர முடியுமா முடியாதா என்ற வழக்கில் இறங்கியிருந்தாள்.

விரிப்பு கிடைத்தது.

மார்கழியும் தையும் இனிமையாகப் போயின. மண்டி முடிந்து ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்ததும் அருஞ்சுனை காலைக் கழுவிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்காருவார். தனசெல்வி பக்கத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு ஆய்வாள். அவர் ஜான்சிப் பக்கம் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனால் இவள் கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், “ஹாரன் அடிங்க, மாடு நிக்கிது,” என்பாள். “பாத்துட்டேன், பாத்துட்டேன்,” என்பார் அவர். ஏழரைக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிட வருவார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பசியோடு.

மாசியில் புது வத்தல் வந்தது. கூடவே மருமகனும் வந்தான்.

மருமகன் ஆளில்லை. மசாலாக் கம்பெனிகள் கொள்முதலுக்கு மனிதர்களை அனுப்புவதை நிறுத்திப் பத்து வருடம் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்கு ஒரே நேரத்தில் எல்லா மண்டிக்கும் போன் அடிக்கும்; தேன் குழைத்த குரலில் ஒரு புரோகிராம் விலை பேசும். அத்தனை மரியாதையாக நலம் விசாரிப்பதாலும், ஒருநாளும் வெறுங்கையோடு போகாததாலும் பஜாரில் அதற்கு மருமகன் என்று பெயர்.

“அம்மா, வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கு?”

“முட்டி இருக்கு. நீ வெலயச் சொல்லு.”

போன வருடம் வரை மருமகனிடம் ஒவ்வொரு ரூபாயையும் பல்லைப் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்க வேண்டும். இந்த வருடம் அவள் ஒரு விலையைச் சொன்னால் உடனே பதில் வரும்: “நீங்க எறங்கி வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்மா. சரி, நீங்க சொன்னதே இருக்கட்டும்.” குவிண்டாலுக்கு எழுநூறு ரூபாய் மற்ற மண்டிகளைவிடக் கூடுதல். தன் நாக்குக்கு இந்த வயதில் ஒரு தனிப் பதம் வந்துவிட்டதாகத் தனசெல்வி நினைத்துக்கொண்டாள். விவசாயிகளும் சரக்கை அவளிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

பக்கத்து மண்டி தவசிலிங்கத்துக்கு நேர்மாறு. அருஞ்சுனையை அண்ணாச்சி என்றும் இவளை மதினி என்றும் கூப்பிடுகிறவர்; இரண்டு மண்டிக்கும் நடுவில் ஒரே சுவர். பங்குனிக் கடைசியில் ஒருநாள் டீ கிளாஸோடு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“மதினி, நான் மனசுக்குள்ள நெனச்ச ரூவாய அவன் வாயால சொல்றான். நேத்து அறுபத்தோராயிரத்தி இருநூறுக்குக் கீழ போறதில்லன்னு சாமி படத்துக்கு முன்னாடி நின்னு முடிவு பண்ணிட்டு வந்தேன். போன எடுத்ததும் அறுபத்தோராயிரத்தி இருநூறுங்கிறான். அதுக்கு மேல ஒத்த ரூவா நகரல.”

“சாமி போன் பண்ணிச் சொல்லிருச்சோ என்னமோ.”

“வெளையாடாதீங்க மதினி. அந்த வெலக்கி வித்தா வண்டி வாடக போகக் கையில தூசிதான் நிக்கிது. இன்னொரு வருசம் இப்படிப் போச்சுன்னா சாவியக் குடுத்துட்டு உங்க மண்டிக்கு மூட்ட தூக்க வந்துருவேன்.”

“நீ தூக்குனா மூட்டைக்குத்தான் வலிக்கும்.”

“உங்களுக்கு மட்டும் எப்படி ஏறி வர்றான்? மந்திரமா?”

“பேசத் தெரியணும், கொழுந்தனாரே,” என்றாள் தனசெல்வி. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

அந்தப் பெருமை பதினேழு நாள் இருந்தது. சித்திரையில், ஓசிக்காரன் அனுப்பிய கணக்கு வந்தது. எடுத்ததற்கெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம். ஜிஎஸ்டி நம்பர் மண்டியுடையது என்பதால் கணக்கும் நேரே மண்டிக்கு வந்தது. வத்தல் பில் என்று நினைத்துத் தனசெல்வி அதைத் திறந்தாள். தவசிலிங்கம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

*உரிமையாளர்: தனசெல்வி டிரேடர்ஸ், மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். எடுத்த தயக்கங்கள்: 6,318. வாங்கியவர்கள்: பதினொருவர்.*

பதினொருவரில் ஏழாவது பெயர் மருமகனின் கம்பெனி.

*வாங்குவோருக்கான சுருக்கம்: சிறிய விஷயங்களில் மிகவும் தயங்குவார். உடைமையை விற்கச் சொல்லிக் கேட்டால் நீண்ட நேரம் யோசித்துத் தவறாமல் மறுப்பார். பணத்தால் அசைக்க முடியாது. பேரத்தை நீட்டுவதில் பயனில்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவது நல்லது.*

*சான்று: ‘உங்கள் லாரியை விற்கிறீர்களா?’ கேட்டது 41 முறை. மறுத்தது 41 முறை. யோசித்த நேரம், சராசரியாக 19 நிமிடம்.*

தனசெல்வி ஆஃப்ரினுக்குப் போன் போட்டாள்.

“அன்னைக்கே சொல்ல வந்தேன்கா,” என்றாள் ஆஃப்ரின். “பில் யார் பேர்ல இருக்கோ, அவங்கதான் வெளையாடுறாங்கன்னு ஓசிக்காரன் எடுத்துக்குவான். நீங்க ரப்பர் விரிப்புக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க.”

“அப்ப மருமவன் பயந்தது என் பேச்சுக்கில்ல?”

“அண்ணனோட லாரிக்குக்கா.”

தவசிலிங்கம் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் வீட்டிலும் ஓசிதான். கிரிக்கெட் வீரர்களை ஏலத்தில் எடுக்கும் விளையாட்டைத் தினமும் ஆடுகிறவர். எந்த வீரருக்கு எந்த ரூபாயில் கை தளரும் என்று ஆறு மாதமாக ஓசிக்காரனுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

“நீ ஜிஎஸ்டி நம்பரா போட்ட?”

“போடாம? வரி திரும்ப வருமே மதினி.”

பஜாரில் விசாரித்ததில் ஒன்பது மண்டிக்காரர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை மண்டிக் கணக்கில் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேரும் வரியைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஒன்பது பேர் துண்டையும் விலக்கி மருமகன் விரலை எண்ணியிருக்கிறான். தனசெல்வியின் துண்டையும் விலக்கினான்தான். உள்ளே இருந்தது வேறு ஒருவர் விரல்.

தவசிலிங்கத்தின் முகம் மெதுவாக மலர்ந்தது. “மதினி, அண்ணாச்சி எங்க வீட்லயும் வந்து தெனம் ஒரு மணி நேரம் லாரி ஓட்டுனா என்ன?”

தனசெல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்குள் இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தவசிலிங்கம் கடை பிழைக்கும். தெரு பிழைக்கும். மருமகன் எல்லா மண்டியிலும் கேட்டதைக் கொடுப்பான். அருஞ்சுனைக்கென்ன, விளையாடத்தானே போகிறார்? மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்பது பேரும் சம்மதித்தார்கள். சாக்குக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் அட்டவணையே போட்டாள்: திங்கள் தவசிலிங்கம், பரமசிவம், செவ்வாய் ஜெயக்கொடி, மரியதாஸ்... ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் ஓட்டிக்கொள்ளலாம்.

அட்டவணையைக் கீரைத்தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

அருஞ்சுனை லாரியை நாக்பூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. சபாரி சட்டை போட்ட ஒரு வியாபாரி குடையோடு கேபின் கதவருகில் நின்று, “அண்ணே, வண்டியக் குடுத்துருங்களேன். நல்ல விலையாத் தர்றேன்,” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அருஞ்சுனை கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்திருந்தார்.

“இந்தாங்க, ஒரு யோசன. தவசிலிங்கம் வீட்லயும் இன்னும் எட்டு வீட்லயும் நீங்க தெனம் போயி...”

“சரி.”

“நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

“நீ சொன்னா சரியாத்தான இருக்கும். எப்பப் போகணும்?”

தனசெல்வியின் கை கீரைக்காம்பில் நின்றது. உப்புக்குக் கால் மணி நேரம் யோசிக்கிற மனிதர். புரோட்டாவுக்கும் தோசைக்கும் நடுவில் பசியோடு உட்கார்ந்திருக்கிற மனிதர். இதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ‘சரி’யை அவள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் வத்தல் விலை விழுந்த வருடம். மண்டி வாசலில் விவசாயிகள் பணத்துக்கு நின்றார்கள். அவள் உள்ளே வந்து, “லாரியக் குடுத்துரலாமா?” என்றாள். “சரி,” என்றார். அவ்வளவுதான். மறுநாள் லாரி போய்விட்டது, மண்டி நிமிர்ந்துவிட்டது. ‘அவருக்கு அந்த லாரி பெரிய தொல்லை, விட்டாப் போதும்னு இருந்தாரு’ என்று எத்தனை கல்யாண வீட்டில் அவளே சொல்லியிருக்கிறாள்.

திரையைப் பார்த்தாள். ஆறு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கீரைக்கும் ரோட்டுக்கும் இடையில் கண்ணை ஓட்டியவள், லாரியின் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பச்சைக் கேபின். நெற்றியில் மஞ்சள் எழுத்து. பழைய லாரியின் நம்பர், கடைசி எண் வரைக்கும்.

“அந்த ஆளு எம்புட்டுத் தர்றானாம்?”

“தெரியல. வெலயப் பாக்கல.”

“விக்கப் போறதில்லைல்ல?”

“விக்கிறதா?” அருஞ்சுனை திகைத்துவிட்டார். “வண்டிய எப்படி விக்க முடியும்?”

“பெறகு என்னத்துக்கு அந்த மனுசன மழையில இருபது நிமிசம் நிக்க விடுறீங்க?”

அவர் யோசித்தார். வழக்கமான யோசனை, நெற்றி சுருங்கி, வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

“வேணாம்னு சொல்லிட்டா போயிருவாரு தனம். கேட்டுக்கிட்டு நிக்கிறாருல்ல... வேணாம்னு சொல்லலாம்னு இருக்கிற வரைக்கும் நல்லாருக்கு.” பிறகு வெட்கத்தோடு சிரித்தார். “அன்னைக்கு யோசிக்க நேரமில்ல. வாசல்ல ஆளு நின்னாங்க. இப்ப எனக்கென்ன வேல? ஒக்காந்து நல்லா யோசிக்கிறேன்.”

அவர் பொத்தானை அழுத்தினார். *வண்டி விற்பனைக்கில்லை.* குடைக்காரன் கும்பிட்டுவிட்டு மழைக்குள் போனான். அருஞ்சுனை திருப்தியாக முதல் கியரைப் போட்டார்.

“தவசிலிங்கம் வீட்டுக்கு எப்பப் போகணும்னு சொல்லலையே?”

தனசெல்வி அட்டவணைத் தாளில் கீரைக்காம்புகளை அள்ளிச் சுருட்டினாள். “போக வேணாம். அவன் வீட்டுக் காப்பி நல்லாருக்காது.”

மறுநாள் ஆஃப்ரின் கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள்.

“ஓசிய எடுத்துட்டு வாடகையப் போடு.”

“அக்கா, மாசம் எழுநூத்தி நாப்பது.”

“தெரியும்.”

ஆஃப்ரின் பேரத்துக்குக் காத்திருந்தாள். “வரி தனிக்கா,” என்று தூண்டிப் பார்த்தாள்.

“சரி.”

“ஒடம்புக்கு ஏதும் முடியலையாக்கா?”

“நல்லாத்தான் இருக்கேன். வண்டி என்னாகும்?”

“அப்படியே வந்துரும். ஒரு கீறல் விழாது.”

“பில்லு அவரு பேர்ல போடு. அருஞ்சுனை. ஜிஎஸ்டி வேணாம்.”

“வரி திரும்ப வராதேக்கா!”

“வராட்டிப் போகுது.”

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் அருஞ்சுனை பேரில் வாங்கிய முதல் பொருள் அது.

அட்டவணை ரத்தானதைக் கேட்டுத் தவசிலிங்கம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தனசெல்வியே டீ வாங்கிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனாள். “மொதல்ல நீ ஒன் தயக்கத்த விக்கிறத நிறுத்து. அண்ணாச்சியோடத கடன் கேக்காத.” அவர் வாடகை கட்டுகிற ஆளில்லை, கூட்டைப் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து நோண்டி, ஏல விளையாட்டை ஓட வைத்துவிட்டார். அந்தப் பெருமையில் மற்ற வீடுகளுக்கும் போய் அவரே போட்டுக் கொடுத்தார்; காப்பி மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஓசிக்காரன் ஏற்கெனவே விற்ற தயக்கம் ஒரு வருடம் வரை செல்லுபடி ஆகும் என்று சட்டம். அதனால் அடுத்த மாசியிலும் மருமகன் தனசெல்விக்கு எழுநூறு ரூபாய் ஏறித்தான் வந்தான். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு நல்லவளாக அவள் அப்பா அவளை வளர்க்கவில்லை. மருமகன் கடைசியாக வாங்கியதற்கும் பங்குனி நடுவில் கெடு முடிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தபோது அந்தக் குரலில் பழைய நிச்சயமில்லை.

“அம்மா, வணக்கம். முட்டிவலி... எப்படி இருக்கு?”

“நீயே கண்டுபிடி,” என்றாள் தனசெல்வி.

அன்றைக்கு நாற்பது நிமிடம் பேரம் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தவசிலிங்கம் போனில் கத்துவதும் கேட்டது, சந்தோஷமாகக் கத்தினார். குவிண்டாலுக்கு நூற்றைம்பது கூடுதலாகக் கிடைத்தது. எழுநூறு இல்லை. ஆனால் அந்த நூற்றைம்பது அவள் நாக்கு சம்பாதித்தது.

சித்திரையில் ஓசிக்காரன் முடிவுக் கணக்கை அனுப்பினான். வண்டியை விற்கச் சொல்லிக் கேட்டது 42. மறுத்தது 42. வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய பாக்கி ஏதுமில்லை, கணக்கு முடிக்கப்பட்டது.

எதிரே எடைமேடையில் அருஞ்சுனை ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு, தராசு முள் நின்ற பிறகும், நின்றதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தனசெல்வி பேனாவை எடுத்து, அச்சடித்த வரிகளுக்குக் கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்:

*நான் கேட்டது: 2.*
*மறுத்தது: 0.*
*யோசித்த நேரம்: 0.*
*பாக்கி: தனசெல்வி பேரில்.*